தலைப்பிரசவத்துக்கு முப்பது நாள்

மந்தைவெளி, சென்னை.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி வேம்பு மதினிக்கு,

சரோஜாதேவியின் வணக்கம். இங்கே நானும் உங்கள் அண்ணனும் மகன் அஸ்வினும் சௌக்கியம். கிள்ளானில் நீங்களும் மாப்பிள்ளை பாலகணேஷும் என் மகள் ப்ரியாவும் பேத்தியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று கபாலியிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் உங்களைத் தனியாகப் பிடிக்க முடிந்தால்தானே? ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுகிறீர்கள். நான் பேசுவது வீடு முழுக்கக் கேட்கிறது. இதில் இருப்பது ப்ரியா காதில் விழ வேண்டாம். தி. நகரில் நம் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஜவஹர் தம்பி, அக்கா வீட்டுக் கல்யாணத்துக்காக உங்கள் ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கருப்பட்டியும் சுக்கும் இருக்கும். உங்களுக்கு ஒரு சேலையும் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு உடுத்துங்கள்.

முதலில், பிரசவம் பார்க்க நான் அங்கே வரக் கிளம்பிய அன்று சென்னை விமான நிலையத்தில் நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்கத்தில் உங்களிடம் பாதியை மறைத்துவிட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று வளைகாப்புக்கு முன்பே நான் அறையை ஒழித்து வைத்திருந்தேன். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, விமானம் ஏறக் கூடாது என்று உங்கள் ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். சரி, அவள் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடு அவளிடம் போகட்டும் என்று நான் கிளம்பினேன். மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம் என்று ரங்கநாதன் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். விசா வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் பிரசவம் பார்க்கப் போகிறவள் திரும்பும் நாளைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பிள்ளை பிறந்து, தாய்க்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஊர்ப்பேச்சை எடுப்போம். அதனால் போவதற்கு மட்டும் டிக்கெட் போடு என்று அஸ்வினிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் ஏதோ விதி, கிதி என்றான். "பிள்ளை பொறக்கும் முன்னாடியே திரும்புற தேதியா? வாயைக் கழுவுடா" என்று அடக்கிவிட்டேன்.

கவுன்டரில் இருந்த பெண் திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டாள். தங்கும் விலாசம் கேட்டாள். இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை நிரப்பியாயிற்றா என்று கேட்டாள். நான் அவளுக்கு எங்கள் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தை எப்ப வேணா பொறக்கட்டும் ஆன்ட்டி, நீங்க முப்பது நாளைக்குள்ள திரும்பியாகணும்" என்றாள். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன் மதினி. வெளியே நின்ற அஸ்வின் போனிலேயே அட்டையை நிரப்பி, முப்பதாவது நாளுக்குத் திரும்பும் டிக்கெட்டும் போட்டான். கவுன்டர் பெண் அச்செடுத்துத் தந்த அந்த டிக்கெட் தாளைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு, முருகா இதை நான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறினேன்.

முப்பது நாள் கணக்கெல்லாம் பேத்திக்கு யார் சொல்வது? அவள் டாக்டர் சொன்ன தேதியையும் தாண்டி, சாவகாசமாக வந்தாள். என் நாட்களில் பாதிக்கு மேல் காத்திருந்தே தீர்ந்துபோயின.

அந்த நாட்களில் நீங்கள் எனக்குச் செய்ததை எந்த நாத்தனாரும் செய்ய மாட்டாள். வந்த மறுநாளே உங்கள் அடுப்படியைப் பிடுங்கிக்கொண்டேன். உளுந்தங்களி கிண்டி, பூண்டுக் குழம்பு வைத்து, டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினேன். சொந்த அடுப்படியில் நின்றுகொண்டு, "மதினி, உப்பு எங்க வச்சிருக்கீங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நானாக இருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பேன்.

பிள்ளை பிறந்த பிறகு ப்ரியா அழ ஆரம்பித்தாளே, அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். பால் கொடுக்கும்போது அழுகை, கொடுத்த பிறகும் அழுகை. பிள்ளையை மடியில் வைத்தால் யாருடைய பிள்ளையோ என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. கண்ணேறு என்றுதான் நான் நினைத்தேன். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. சுற்றி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றீர்கள். அப்புறம், "மதினி, உங்க முறைப்படி செஞ்சாச்சு. நாளைக்கு என் முறைப்படி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். இது பிரசவத்துக்குப் பிறகு மனதுக்கு வருகிற நோய், மருந்து இருக்கிறது, ஆனால் அவளைத் தனியாக விடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். கைப்பையில் இருந்த டிக்கெட் தாள் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குடிநுழைவு அலுவலகத்துக்கு நாம் இருவரும் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். விசா இல்லாமல் வந்தவர்களுக்குப் பொதுவாக நாளை நீட்டித்துத் தருவதில்லை, ஊருக்குப் போய்விட்டுப் பிறகு முறையாக வாருங்கள் என்றார். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். காலையில் தாய்லாந்து எல்லையைத் தாண்டி, சாயங்காலம் திரும்பி வந்தால் புதிதாக நாள் கிடைக்குமாம். நான் செருப்பை மாட்டிவிட்டேன். அதுவும் முடியாவிட்டால் பேசாமல் உங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவது, என்ன செய்துவிடுவார்கள் என்றும் கத்தினேன்.

அப்போதுதான் நீங்கள் வாசலை மறித்தீர்கள். "மாட்டினா அடுத்த தடவை உள்ளேயே விட மாட்டாங்க மதினி. உங்க மகளுக்கு நீங்க இன்னும் பத்து நாளு வேணுமா, ஆயுசுக்கும் வேணுமா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அடுப்படி திரும்பக் கிடைக்கட்டும் என்று என்னை விரட்டுகிறீர்கள் என்றே நினைத்தேன். விமான நிலையம் வரை உங்களோடு பேசவில்லை.

இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அஸ்வின் மூலமாக ஒன்று தெரிந்தது. மாப்பிள்ளை அவனிடம் சொல்லியிருக்கிறார். பாலகணேஷ் பிறந்தபோது உங்களுக்கும் இதே அழுகை இருந்ததாமே. அது நோய் என்று யாருக்கும் தெரியாமல், பேய் பிடித்தவள் என்று பேசி, பிள்ளையை உங்களிடமிருந்து பிரித்து மாமியார் வளர்த்தாராமே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மதினி. சொல்லியிருந்தால் நான் உங்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேனா?

இங்கே எல்லாரும் ப்ரியாவைத்தான் கேட்கிறார்கள். பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு நல்லது என்று நான் அங்கே புலம்பினேனே, அந்த மீன் தருகிற நொச்சிக்குப்பம் பச்சையம்மா போன வாரம், "இன்னாக்கா, பொண்ண அப்டியே வுட்டுட்டு வந்துட்ட? யாரு கீறாங்க அதுங்கூட?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா இருக்கிறார் என்று என் வாயில் வந்துவிட்டது. மாமியார் என்று திருத்திச் சொல்லிவிட்டு, நெத்திலியை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

நீங்கள் தையல் கடையைப் பூட்டிவிட்டு மிஷினை ப்ரியா அறை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருப்பது எனக்குத் தெரியும். போனில் அவள் பேசும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்கிறது. அது கேட்டால் நான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். நின்றால் என்ன ஆயிற்றோ என்று கை நின்றுவிடுகிறது. தீபாவளி வியாபாரம் முடிந்ததும் மறுபடி வருகிறேன். இந்த முறை போக வர டிக்கெட், அட்டை எல்லாம் நானே முன்னால் நின்று போடச் சொல்வேன். அதுவரைக்கும் அவள் உங்கள் பொறுப்பு.

நேற்று அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உச்சியை மோந்து பார்த்தாள். அவளாகவே செய்தாள் மதினி, யாரும் சொல்லவில்லை. அதற்குள் பிள்ளை பாலைக் கக்கிவிட்டது. ப்ரியா பதறிப்போய் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். நீங்கள் ஓடி வந்தீர்கள். வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அத்தைன்னு சொல்லும்மா, அங்க அம்மா பாத்துக்கிட்டிருக்காங்க" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். வருத்தத்தில் அழுதேனா, நிம்மதியில் அழுதேனா என்று உங்கள் அண்ணன் கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

உங்கள் கையும் கண்ணும் நோவில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். இனிமேல் அவளைத் திருத்தாதீர்கள். அவள் அம்மா என்று கூப்பிட்டால், நான் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, நீங்கள் போய் நில்லுங்கள்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
உங்கள் மதினி,
சரோஜாதேவி அய்யாதுரை.