சுவரோடு ஒட்டி நிறுத்திய ஸ்கூட்டி

என் தங்கத் தம்பி, பொய்க்காரா,

உன் எட்டாம் நாள் செலவும் முடிந்து, ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் மட்டும் முடியவில்லை. இன்றைக்கு உன்னை ஏசித்தான் தீருவேன், கேள்.

அன்று காலை என்னைக் கேட்காமல் என் புது ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புளியங்குளம் சந்திக்குப் போனாய். குறுக்கே மாடு வந்தது, விழுந்தாய், ஹாண்டில் வயிற்றில் குத்தியது. இதெல்லாம் நீ செத்த பிறகு சந்திக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எழும்பிச் சோடா குடித்துச் சிரித்தாயாம். தோலில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லையாம்.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய்?

"நெல்லு மூட்டை தூக்கினனான் அக்கா, இடது தோள் நோகுது."

நானும் நம்பி, நல்லெண்ணெய் சூடாக்கித் தோளைத் தேய்த்தேன். சோறு வேண்டாம் என்றாய். நடிக்காதே என்று அதற்கும் ஏசினேன். பின்னேரம் முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டிச் சுருண்டாய்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத்தான் கேட்டார், எங்கேயாவது விழுந்தவரா, வயிற்றில் அடிபட்டதா என்று. இல்லை, மூட்டை தூக்கினவன் என்று அடித்துச் சொன்னேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, மடையா?

தோளை ஆராய்ந்து நேரம் போனது. பிறகு நாடித் துடிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வயிற்றை ஸ்கான் பண்ணினார். உள்ளே முழுக்க இரத்தம். மண்ணீரல் கிழிந்தால் இடது தோளிலும் நோகுமாம். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உனக்கு உள்ளே இரத்தம் வடிந்திருக்கிறது. ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாய்.

செத்தவீடு முடிந்து பார்த்தால், கீறல் பட்ட பக்கத்தைச் சுவரோடு ஒட்டி ஸ்கூட்டியை நிறுத்தியிருக்கிறாய். யாருக்குப் பயந்து? என் வாய்க்குத்தானே? ஒரு கீறலுக்காக உன்னைக் கொன்றா போட்டிருப்பேன்?

போன கிழமை என் மகள் சைக்கிளால் விழுந்து, ஊத்தைச் சட்டையோடு வாசலில் நின்றாள். என் முகத்தைத்தான் பார்த்தாள், உன்னைப் போலவே. ஏச வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"எங்க பட்டது? வயித்திலயோ?"

"ஓம் அம்மா."

அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். ஸ்கான் எடுத்து, ஒரு நாள் வாட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. உனக்கும் இவ்வளவுதானே தேவைப்பட்டது?

வாக்குத் தருகிறேன், தம்பி. இனி இந்த வீட்டுக்கு யார் விழுந்து வந்தாலும் எங்கே பட்டது என்றுதான் முதலில் கேட்பேன். ஏச்சு பிறகு. ஸ்கூட்டியையும் கீறல் தெரியத்தான் நிறுத்துகிறேன்.

நீ பயந்த அந்த வாய்க்காரி,
உன் அக்கா