மாமாவின் குதிகால்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பதாக உன் போட்டோக்கள் சொல்கின்றன. நாங்களும் நலம்தான், ஆனால் அந்தச் சொல்லை இந்த மாதம் கொஞ்சம் யோசித்தே எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

சின்ன மாமாவுக்கு மாரடைப்பு வந்தது உனக்குத் தெரியும். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார், அதனால் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். நாற்பத்து மூன்று வயது, சிகரெட் கிடையாது, தொப்பை கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் அத்தையின் சமையலைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். பெரிய மாமா, "எண்ணெயிலயே குளிப்பாட்டி வச்சிருக்கியேம்மா" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார், கையில் சிகரெட் பாக்கெட்டோடு. ஃபிளாஸ்க்கைக் கழுவ எடுத்துக்கொண்டு போன அத்தை திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

இதய டாக்டர் உன்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண். அவள் நெஞ்சை விட்டுவிட்டு மாமாவின் போர்வையை விலக்கி, குதிகாலுக்கு மேலே கயிறு போல ஓடும் தசைநாரைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே எனக்கும் மாமாவுக்கும் தடித்திருப்பதும், புது ஷூ என்றாலே கடிப்பதும், உன் அப்பா "யானை வம்சம்" என்று கேலி செய்வதும் உனக்குப் பழசு. "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது நான் அசட்டுச் சிரிப்போடு என் காலை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அது கொழுப்புப் படிவமாம். ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும், அந்தப் பிடிப்புக்கான ஜீனில் பிறவியிலேயே கோளாறு, பிடிபடாமல் தப்பியது தசைநாரிலும் படிகிறது, இதயக் குழாயிலும் படிகிறது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் ஒரு குடும்பத்தைப் பார்த்து எதையும் நம்பிவிடுவேனா? மாரடைப்பு எல்லாமே பரம்பரையா என்று குறுக்குக் கேள்வி போட்டேன். இல்லையாம். பெரும்பாலானவர்களுக்குப் பல ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளும், புகையும் சர்க்கரையும் உட்கார்ந்தே கிடப்பதும் மிச்சத்தைத் தள்ளும். எங்களைப் போன்ற சில குடும்பங்களில்தான் ஒற்றை ஜீனே வேலையைக் காட்டிவிடும், அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரிய மாமாவும் நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். எனக்கு எகிறிக் கிடக்கிறது. சிகரெட்டும் கையுமாகத் திரிகிற அவருக்கு ஒன்றுமே இல்லை! "பாத்தியா, இரும்பு நெஞ்சு" என்று தட்டிக் காட்டினார். "சிகரெட் அடைக்கிறதுக்கு ஜீன் தேவையில்ல சார்" என்று டாக்டர் சொன்னதும் பாக்கெட் சட்டைப்பைக்குள் போயிற்று. அத்தை அன்றுதான் சிரித்தாள். "அப்போ இது உங்க வீட்டுச் சொத்து அண்ணி, என் வாணலி பாவம்" என்றாள்.

என் அப்பா ஆபீஸ் மாடிப்படியில் சரிந்து இறந்தபோது வேலைப்பளு என்றார்கள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு. எனக்கும் இப்போது அதுதான். பயம் கொஞ்சம் இருக்கிறது, வியப்பு அதைவிட அதிகம். மாத்திரை ஆரம்பித்துவிட்டேன், அளவு எவ்வளவு இறங்கும் என்று பார்க்கத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவியைப்போல் இருக்கிறேன்.

இனி உன் முறை. நீ தினமும் ஓடுகிறாய், இலை தழையாகச் சாப்பிடுகிறாய், நல்லதுதான், ஆனால் அது மட்டும் இந்த ஜீனுக்குப் போதாது. குதிகாலைத் தடவிப் பார்த்து மெல்லிசுதான் என்று திருப்தி அடைந்துவிடாதே, உன் வயதில் என்னுடையதும் மெல்லிசாகத்தான் இருந்தது. மாமா கதையை அங்குள்ள டாக்டரிடம் சொல்லி கொலஸ்ட்ரால் பரிசோதனை கேள். ஊசியைக் கண்டால் மயங்குவாய், படுத்துக்கொண்டே எடுக்கச் சொல். இருந்தால் சீக்கிரமே மாத்திரை தொடங்கலாம், மாமாவுக்குக் கிடைக்காத அவகாசம் உனக்குக் கிடைக்கும்.

அப்பாவின் அன்பும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு. இந்த வாரமே போய்விட்டு வா. உன் உடம்பில் பாதி நான் கொடுத்தது, என்னுடைய எந்தப் பாதியைக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா