கதவுக்குப் பின்னால் ஏழு நொடி அலற அனுமதி கோரி

அனுப்புநர்:
ஸ்டமாதியா கூரிஸ் (வயது 71),
கோல்டர் பே செவ்வியல் நாடகக் குழு,
பழைய கம்பளிக் கிடங்கு, படகுத்துறைச் சாலை,
கோல்டர் பே, தென் ஆஸ்திரேலியா.

பெறுநர்:
ஒழுங்குமுறை அலுவலர் அவர்கள் (ஒலி மற்றும் தொந்தரவு),
நகர மன்றம், கோல்டர் பே.

பொருள்: மார்ச் 14, 15 ஆகிய இரு நாட்களும் நாடகத்தின்போது நாளுக்கு ஒருமுறை முழுக் குரலில் அலற அனுமதி வேண்டுதல், தங்களின் 27.2.2015 தடையாணையிலிருந்து விலக்குக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குழுவில் பதினோரு பேர். நடத்துகிறவள் மெர்ல் ஹாஸ்கின், முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவள். எல்லா நாடகத்திலும் அரசன் டெஸ் பாஸ்கோ, மற்ற நாட்களில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன். இருபத்தொன்பது ஆண்டுகளாக ஆண்டுக்கொரு பழைய கிரேக்க நாடகம் போடுகிறோம். இந்த ஆண்டு, போரிலிருந்து திரும்பும் அரசனை அவன் மனைவி கொல்கிற நாடகம். இவ்வகை நாடகங்களில் கண்ணெதிரே யாரையும் கொல்வதில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அரசன் உள்ளே போவான். கதவு சாத்தப்படும். உள்ளிருந்து ஓர் அலறல் வரும். அவ்வளவுதான் கொலை. அலறல் இல்லையென்றால் அவன் சாகவில்லை. அவன் சாகவில்லையென்றால் அதற்குப் பிறகு மேடையில் நாற்பது நிமிடம் எதற்கு அழுகிறார்கள்?

2. அந்த அலறல் என் வேலை. டெஸ் அலறினால் காலில் சுத்தியல் விழுந்தது போலிருக்கும், ஆகவே அரசனுக்கும் நானே அலறுகிறேன். 1989இல் ராணி வேடத்தை நான் கேட்டேன். மெர்ல் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "ஸ்டமாதியா, கோவிச்சுக்காத. நீ பேசுற தினுசு ஜனங்களுக்குப் புரியாதுடி." வேடம் ஜாய்ஸ் டன்ஸ்டனுக்குப் போனது. கிரேக்க ராணி கிரேக்கக்காரியைப் போலப் பேசக் கூடாதாம்! என்னைக் கதவுக்குப் பின்னால் அனுப்பினார்கள். அலறலில் எந்த ஊர்க்காரி என்று யாருக்குத் தெரியப்போகிறது? இருபத்தாறு ஆண்டுகளாக அங்கேதான் நிற்கிறேன். ஜாய்ஸ் அந்த ஆண்டு இரண்டு இடத்தில் வசனத்தை மறந்தாள் என்பதையும் பதிவுக்காகத் தெரிவிக்கிறேன்.

3. 21.2.2015 சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. அன்று எனக்குக் குரல் நன்றாக வந்தது. அலறி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுக்குமாடியில் சென்ற ஜூன் மாதக் குளிரில் குடிவந்த திரு. பிரெண்ட் லிட்ஜெட் போலீஸுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இரண்டு காவலர்கள் பின்கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே ஆம்புலன்ஸ். உள்ளே கொலையுண்ட அரசன் இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் தின்றுகொண்டிருந்தான்.

காவலர் கேட்டார்: "யாரும்மா கத்துனது?"

"நான்தான்."

"யாரு கொன்னா?"

டெஸ் வாயில் அப்பத்தை வைத்துக்கொண்டே, "ராணி சார். ஆனா அவங்க அடுத்த வசனத்த மறந்துட்டாங்க, கொஞ்சம் இருங்க" என்றான்.

இப்போதும் ராணி ஜாய்ஸ்தான்.

4. ஆறு நாளில் தங்கள் ஆணை வந்தது. கிடங்கில் மனிதக் குரல் அலறல் கூடாது, மீறினால் கிடங்கின் குத்தகை ரத்து என்று அதில் கண்டிருந்தது. குத்தகை போனால் குழுவும் போய்விடும், எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அது மட்டும் இல்லையென்றால் நான் தங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், அலறியிருப்பேன். மெர்ல் மாற்று வழிகள் பார்த்தாள். ஒத்திகையில் அலறலுக்குப் பதில் மணி அடித்தோம், எல்லோரும் இடைவேளை என்று எழுந்தார்கள். என் அலறலைத் தணிவாகப் பதிவு செய்து ஒலிபரப்பினோம். அரசன் உள்ளே போகும் முன்பே அது அலறிவிட்டது. "செத்துட்டேனா, இன்னும் போகணுமா?" என்று டெஸ் நடு மேடையில் நின்றான். வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் நாடகத்தையே நிறுத்துவதாக மெர்ல் சொல்லிவிட்டாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் செய்வது சரி.

5. திரு. லிட்ஜெட் ஜூலை மாதம் என் கார் நிறுத்துமிடத்தைப் பற்றியும், அக்டோபரில் பேக்கரியின் வாசனையைப் பற்றியும் (ரொட்டி வாசனை, ஐயா!) தங்களுக்கு எழுதியவர். இரண்டையும் நான் மறக்கவில்லை. இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ நூறு பேர் என் அலறலைக் கேட்டிருக்கிறார்கள். அழுதிருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள், பிறகு தேநீரும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே ஓர் உயிர் போகிறது என்று நம்பி, காப்பாற்ற ஆள் அனுப்பியவர் அந்த மனிதர் ஒருவர்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பாதி கோபம், பாதி சந்தோஷம். ஊரெல்லாம் செய்தி பரவி, இரண்டு நாளுக்கும் இருக்கைகள் தீர்ந்துவிட்டன. இது எங்கள் குழுவில் நடந்ததே இல்லை. மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் எலெனி என்னை மறித்து, "பாட்டி, சனிக்கிழமை கத்துவீங்கதானே? என் மாமியாரையும் கூட்டிட்டு வரேன், கொஞ்சம் பயப்படட்டும்" என்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

6. தங்கள் படிவத்தின் நான்காம் இடத்தில் "ஒலியின் மூலம்" என்று கேட்டிருக்கிறது. மெர்ல் அதில் "நடிகை" என்று எழுதியிருந்தாள். நான் அடித்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கேட்டதற்கு உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று தெரியும். 1953 செப்டம்பரில் கிரீஸின் கலிம்னோஸ் தீவுத் துறைமுகத்தில், கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிறவர்களின் படகு ஒன்று என் அண்ணன் இல்லாமல் திரும்பி வந்தது. என் அம்மா கரையில் நின்று அலறினாள். எனக்கு ஒன்பது வயது. கதவுக்குப் பின்னால் நான் அலறுவது அவளுடைய அலறல். அன்று யாரும் அதை அளந்து பார்க்கவில்லை. போதும் என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

ஆகவே ஐயா அவர்கள், சனி, ஞாயிறு இரு நாட்களும் மாலை நான்கு ஐம்பதுக்குக் கதவு சாத்தப்பட்டதும் ஏழு நொடி நான் அலற வழிசெய்து ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது நொடி அலறினால் அபராதம் என் பெயரில் போடுங்கள். தாங்கள் அளவுக் கருவியோடு நேரில் வரலாம். கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஆனால் டெஸ்ஸின் இறைச்சி அப்பத்தில் பங்கு கேட்கக் கூடாது.

நாள்: 9.3.2015
இடம்: கோல்டர் பே

கதவுக்குப் பின்னால் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஸ்டமாதியா கூரிஸ்

இணைப்பு: முன்வரிசை நுழைவுச்சீட்டு ஒன்று, திரு. லிட்ஜெட்டுக்கு. நான் கொடுத்தால் வாங்க மாட்டார், தங்கள் கையால் கொடுக்கவும். தொலைபேசியை அணைத்துவிட்டு வரச் சொல்லவும்.