சிவப்பு நூல் கட்டிய நாற்பத்தேழு டேப்கள்

அனுப்புநர்:
பதிவறை டேப் இயக்குநரின் அக்கா மகள்,
பதினோராம் வகுப்பு மாணவி.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பேக்கப் டேப்கள் நாற்பத்தேழையும் வரும் திங்கள்கிழமை அரைத்து அழிக்கும் உத்தரவை நிறுத்திவைக்கவும், அதற்குமுன் டேப் டிரைவைச் சுத்தம் செய்து பார்க்கத் தங்கள் கையெழுத்து ஒன்று வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மருத்துவமனைப் பதிவறையில் டேப் இயக்குநராக இருப்பவர் என் சித்தி. ஒப்பந்தப் பணியாளர். நோயாளிகளின் பழைய ஸ்கேன் படங்களை, கணினி கைவிட்டாலும் தொலையாதபடி, டேப்பில் நகல் எடுத்துவைப்பது அவர் வேலை. பள்ளி விட்டதும் அம்மா வந்து அழைத்துப்போகும்வரை நான் அந்த அறையில் உட்கார்ந்து படிப்பது வழக்கம். ‘படிப்பது’ என்பதைப் பதிவறையில் யாரும் உறுதிசெய்ய மாட்டார்கள் என்பதையும் நேர்மை கருதித் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. இரண்டு மாதமாக, டேப்பைப் போட்டு ஓட்டும் இயந்திரமான டிரைவ், ஒவ்வொரு டேப்பாகப் ‘பிழை’ என்று காட்டி வெளியே துப்பிவருகிறது. துப்பியதற்கெல்லாம் சிவப்பு நூல் கட்டி ஓரமாக வைத்ததில் நாற்பத்தேழு சேர்ந்துவிட்டது. பிரிவு அலுவலர் பதிவேட்டைத் திறந்து, "டிரைவைச் சுத்தம் பண்ண வாரா வாரம் கிளீனிங் டேப் போட்டதா நீங்களேதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ டிரைவ் நல்லாத்தான் இருக்கு. டேப்பை நீங்கதாம்மா கெடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாளே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. டேப்களை அழித்த கையோடு சித்தியின் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொள்வதாகப் பேச்சு.

3. இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டில் முதல் குண்டூசிப் பெட்டி வரை எதற்கும் பொருள் எண் ஒட்டாமல் தங்கள் கிடங்கு எழுத்தர் விடமாட்டார். போன செவ்வாய்க்கிழமை, கிளீனிங் டேப்பின்மேல் இருந்த ‘பொருள் எண் 318’ என்ற ஸ்டிக்கரை நகத்தால் பதமாக உரித்து, அவருடைய சட்டை முதுகில் ஒட்டிவிட்டேன். மூன்று மாடி ஏறி இறங்கி, வெளிநோயாளிகள் வரிசையையும் கடந்து வந்தபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "ஏம்மா, நான் என்ன பீரோவா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குப் பதிவறைக்குள் தடை. தடை நியாயமானது, அதைப் பற்றிப் புகார் இல்லை.

4. புகார், அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தைப் பற்றியது. உரித்ததும் அடியில் அச்சடித்த வரி தெரிந்தது: இதை ஐம்பது முறைக்குமேல் பயன்படுத்தக் கூடாது. அதன்கீழ் ஒவ்வொரு முறையும் குறியிட்டுக்கொள்ள ஐம்பது குட்டிக் கட்டங்கள். ஒன்றில்கூடப் பேனா பட்டதில்லை. பட வழியில்லை, 318 மேலே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. எழுத்தர் மாடி ஏறிக்கொண்டிருந்த நேரத்திலேயே சித்தியும் நானும் பதிவேட்டை எண்ணினோம். இந்த கிளீனிங் டேப் வந்த நாளிலிருந்து, சித்திக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் போட்ட கையெழுத்து ஐம்பத்தெட்டு. சித்தி போட்டது நூற்று மூன்று. அதாவது சித்தி பொறுப்பேற்றபோதே அந்த டேப்பின் ஆயுள் முடிந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. அவர் காலத்தில் டிரைவ் சுத்தமாகச் சுத்தம் செய்யப்படவே இல்லை.

5. சித்தியின் பங்கையும் மறைக்கவில்லை. கிளீனிங் டேப் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிடுவதைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் முன்பு இருந்தவர், "போடுங்க, துப்பும், கையெழுத்துப் போடுங்க, அவ்வளவுதான்" என்றுதான் சொல்லிக்கொடுத்தாராம். சொன்னதைச் செய்தார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு வந்து போட்ட கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

6. டேப்கள் கெடவில்லை என்று நம்பக் காரணம் உண்டு. உறை பிரித்த கையோடு போட்ட புத்தம் புது டேப்பையும் இந்த டிரைவ் துப்புகிறது. மேலும், ஸ்கேன் பிரிவில் இயந்திரம் இயக்கும் அக்கா ஒருவர், சிவப்பு நூல் கட்டிய பத்தொன்பதாம் டேப்பைத் தன் பிரிவு டிரைவில் மதிய இடைவேளையில் ஓட்டிப் பார்த்தார். திறந்தது. முதலில் வந்தது ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு குழந்தையின் முழங்கை. "எலும்புல விழுந்த மயிரிழை விரிசல்கூடத் தெரியுதுடீ" என்றார். மேலிட அனுமதி இல்லாமல் அடுத்ததைப் போட அவருக்குப் பயம். ஒன்று ஓடியதால் எல்லாமே ஓடும் என்று நான் சாதிக்கவில்லை. பார்க்காமல் அரைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

7. புதிய கிளீனிங் டேப் கிடங்கு அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் பழையதை அதன் எண்ணோடு ஒப்படைத்தால்தான் புதியது தருவது கிடங்கின் முறை. எழுத்தர் பிய்த்துச் சட்டைப்பையில் போட்ட 318, சட்டையோடு சலவைக்குப் போய்க் கூழாகிவிட்டது. கிடங்கு வாசலில் நின்று எழுத்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எண்ணு இல்லாம நான் தர முடியாது. கண்காணிப்பாளர் ஐயா ஒரு கையெழுத்துப் போட்டா இந்த நிமிஷமே தர்றேன், போ" என்று அவரே வழியும் சொன்னார். அவர் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. பாதி மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, அழிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்து, புதிய கிளீனிங் டேப் வழங்கச் சொல்லி, நாற்பத்தேழையும் மறுபடி ஓட்டிப் பார்த்தபின் சித்தியைப் பற்றி முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன். ஒரு தடவை சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அழுக்கு பழையது என்பதால் இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கலாம். எனக்குரிய தண்டனையைத் தனியாகத் தரலாம். பள்ளி விட்டதும் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இந்த மனு பற்றிச் சித்திக்குத் தெரியாது. பதிவேட்டில் இருப்பது தன் கையெழுத்துதானே என்று சொல்லி, மேசைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார். டேப்கள் ஓடிவிட்டால், அந்தச் செய்தியைத் தயவுசெய்து தாங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. நான் போய்ச் சொன்னால் நம்பமாட்டார்.

இடம்: பதிவறைக்கு வெளியே உள்ள பெஞ்ச்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
டேப் இயக்குநரின் அக்கா மகள்