நாலாம் அறையில் காலியான கட்டம்

3 மார்ச் 2014, திங்கள். சலாத்திகா, ஜாவா.

என் விடுதியின் நாலாம் அறைக்குப் புதிதாக ஒரு பெண். பெயர் வெனிங். வயது இருபத்து மூன்று என்றாள்; ஜகார்த்தாவில் மூன்று வருடம் வேலையாம். அடையாள அட்டை? "பஸ்ல தொலைஞ்சு போச்சு அங்கிள், அங்கெல்லாம் சகஜம்." பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். முப்பத்தோரு வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தவன். வருகைப் பதிவில் ஒரு கட்டம்கூட விட்டதில்லை.

5 மார்ச்

சர்க்கரை இல்லாத காப்பி கேட்டு வாங்கினாள். நான் திரும்பியதும் நாலு கரண்டி போட்டுக்கொண்டாள்.

9 மார்ச்

கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கடக்கும்போது, பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதையாக இடுப்பை வளைத்து, வலது கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, முணுமுணுப்பாக அனுமதி கேட்டுப் போனாள். மலைக் கிராமத்தில் கண்டிப்பாக வளர்த்த பிள்ளை. அவளுக்கே தெரியாமல் உடம்பு வளைந்துவிட்டது.

ஜகார்த்தாக் கதை பொய் என்று தெரிந்தது. ஏன் கேட்கவில்லை?

பிறகு அவளே கேட்டாள். "பாத்தாம் தீவுல ஓட்டல் வேலை அங்கிள், ஒருத்தர் கூட்டிட்டுப் போறார். நீங்க போயிருக்கீங்கல்ல?"

"ரெண்டு தடவை. நல்ல ஊர்."

சுராபாயாத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துப் பயந்து திரும்பியவன் நான்.

12 மார்ச்

சமையல் செய்யும் மர்சி சொன்னாள்: "ஒரு நாளைக்கு மூணு தடவை போன்ல 'சாப்பிட்டேம்மா'ங்குறா. நல்ல பெரிய மனுஷி. அந்த ஆளு வயச ஏத்திப் போட்டு அட்டை எடுத்துத் தர்றானாம். போக வேணாம்னு நீங்க சொல்லுங்க வாத்தியாரே."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

14 மார்ச்

பெட்டி கட்டிவிட்டாள். "அம்மா பயந்தாங்க. வாத்தியார் ரெண்டு தடவை போன ஊருன்னு சொன்னேன், சரின்னுட்டாங்க."

என் வார்த்தையை நம்பியா? அந்த அம்மாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்: "நான் கடலே தாண்டினதில்லம்மா."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

"நீ எதுக்குச் சொன்னியோ அதுக்குத்தான்."

கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வயதில் ஒரு குழந்தையோடு என்னைச் சமமாக வைத்துத் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன்.

15 மார்ச்

காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. நாலாம் அறை திறக்கவில்லை. பதிவேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"அட்டை இல்லாதவங்களை இங்க தங்க வைக்கிறதில்ல," என்று வேனில் வந்தவனிடம் சொன்னேன்.

அதுவும் பொய்தான். அவன் திட்டிவிட்டுப் போனான்.

16 மார்ச், ஞாயிறு

அம்மாவிடம் திரும்ப, மலையூரான வொனோசோபோ போகும் மினிபஸ்ஸுக்குக் கிளம்பினாள். பதிவேட்டை வாங்கி 23ஐ அடித்துவிட்டு 16 என்று எழுதினாள். அட்டை எடுக்கும் பதினேழு வயதே இன்னும் வரவில்லை. கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

கூடத்துப் பாயில் மர்சியும் நானும் உட்கார்ந்திருந்தோம். மர்சியைக் கடக்கும்போது இடுப்பை வளைத்து, கையைத் தாழ்த்திப் போனாள். எனக்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்துகொண்டாள்.