மேல் தட்டுக்கு எட்டாத கை

அன்புள்ள மாப்பிள்ளை தனவேலுக்கு,

பழகிய கை, அன்பு என்றே தொடங்கிவிட்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மாதம் உனக்காக அழுதேன். இந்த ஒரு மாதமாக உன்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரே சூளையில் பதினைந்து வருஷம் நின்றவர்கள் நாம். சுடாத பொம்மைகள் அடுக்கிய பலகையை வலது தோளில் தூக்கிவந்து, சூளை வண்டியின் மேல் தட்டில் எட்டி எட்டி வைப்போம். என் தங்கை கலாவை உனக்குக் கட்டிக் கொடுத்ததே அந்தச் சிநேகத்தில்தான். போன வருஷம் தோள்வலி வந்தபோதும் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது.

"அசைக்காத மச்சான், நரம்பு அறுந்துடும். துண்டுல கட்டித் தொங்கவுடு, தானா சரியாயிடும்" என்றாய். நாலு மாதம் கட்டிக்கொண்டு திரிந்தேன். சட்டை மாட்ட என் மனைவியின் கை வேண்டியிருந்தது. "மேல் தட்டுக்கு எட்டுற ஆளுதான் சூளைக்கு" என்றார் முதலாளி. உனக்கு எட்டியது. நான் பொம்மைகளை வைக்கோலில் பொதியும் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

உனக்கு மட்டும் எப்படிச் சரியானது என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுனேன் மச்சான்" என்றாய். நானும் மணவாளநல்லூர் போனேன். என் தோள்வலியைத் தாளில் எழுதி, சாமி சன்னதியில் கட்டிவிட்டு வந்தேன்.

நெஞ்சு அடைத்து நீ போன அன்று, உன் பாடையை இந்த வலது தோளில்தான் தாங்கினேன். பக்கம் மாறிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.

போன மாதம் வலி பொறுக்காமல் பாலக்கரைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனேன். சூளை வேலை என்றதும், "தனவேல் அண்ணனத் தெரியுமாங்க? இங்கதான் ரெண்டு மாசம் வந்தாங்க, நல்லா ஆயிட்டாங்க. கூட்டாளிக்கும் இதே வலின்னாங்க. கூட்டியாங்கன்னேன். அவருக்கு இதுல நம்பிக்கை இல்லன்னுட்டாங்க" என்றாள்.

நானா நம்பிக்கை இல்லை என்றேன்? சேத்தியாத்தோப்புக்குச் சரக்கு போடப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டு, நீ அங்கேதான் போய்வந்தாயா? ஒரு சூளைக்கு ஒரு ஆள் போதும் என்று முதலாளி உன் காதில் முன்பே போட்டுவிட்டாரா? சாமியை வேறு பொய்க்குச் சாட்சி வைத்தாயே. உன்மேல் ஒரு பிராது கட்டலாம் என்றுகூட நினைத்தேன். செத்தவனை எந்தச் சாமி கூப்பிட்டு விசாரிக்கும்?

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். ஓயாமல் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தூக்கி வைத்ததில், தோளுக்குள் இருக்கும் தசைநார் எலும்புகளுக்கு நடுவே நசுங்கிப் புண்ணாகிவிட்டதாம். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அது இருந்தால் தோள் சீக்கிரம் இறுகுமாம். போதாததற்குக் கட்டிப் போட்டதில் மூட்டே இறுகிவிட்டது. "சிலருக்குக் கழுத்துல இருந்துகூட தோளுக்கு வலி இறங்குங்க. என்னன்னு பாக்காம எல்லாத்துக்கும் கையைத் துண்டுல கட்டித் தொங்கவிடக்கூடாது" என்றாள். நீ இதையெல்லாம் எனக்கு முன்பே கேட்டவன்.

இப்போது குனிந்து கையைத் தொங்கவிட்டு வட்டம் போடுகிறேன். சுவரில் விரல்களை ஊன்றி ஊன்றிக் கையை மேலே ஏற்றுகிறேன். காதுவரை வந்திருக்கிறது. சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன். முன்பே வந்திருந்தால் எவ்வளவோ சுலபம் என்றாள்.

இன்னொரு சேதி. கலாவுக்கு இடது தோள் பிடித்திருக்கிறது. முந்தாநாள் போனபோது கையைச் சேலைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தலைகூட வாரவில்லை. பிசியோதெரபிக்கு வா என்றேன். "வேணாம்ண்ணா. அசைச்சா நரம்பு அறுந்துடும்னு அவரு சொல்லியிருக்காரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எனக்குச் சொன்ன பொய்யை நீ வீட்டிலும் காப்பாற்றி வைத்திருக்கிறாய்.

உன் படத்துக்குத் தினம் பூ வைக்கிறவள் அவள். உன் பேச்சைத் தட்ட அவளுக்கு மனம் வராது. ஆகவே நாளைக் காலை போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அழுவாள், என்னைத் திட்டுவாள். இரண்டு நாள் உன் படத்துக்குப் பூகூட இல்லாமல் போகலாம். இருக்கட்டும். அந்தத் துண்டை நாளைக்கே அவிழ்த்து அவளைக் கூட்டிப்போவேன். இது நிச்சயம்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் மச்சான்
ராஜவேல்