கொடி அசைக்க ஒருவர்

ஐப்பசி 10, இரவு.

எங்கள் ஊர் கொடிகாமத்தின் மரதன் ஓட்டம் விடிய ஐந்து மணிக்குத் தொடங்குவதென்றுதான் முடிவாகியிருந்தது. இன்று கூட்டத்தில், குழுத் தலைவரான என் அண்ணை, எட்டு மணி என்கிறார். பிரதம விருந்தினருக்கு அதுதான் வசதியாம்.

“எட்டு மணிக்குச் சந்தை லொறியள் றோட்டை அடைச்சுப்போடும். வெயிலுக்கை ஆர் ஓடுறது?” என்றேன்.

“கொடி அசைக்க ஆள் வேணுமெல்லே, தங்கச்சி.”

“ஓட ஆள் வேண்டாமோ?”

விருந்தினருக்குப் போடும் மாலைக்கு என்ன பூ என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர் எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

போட்டியன்று நான் ஐந்துக்கே தனியாக ஓடப்போகிறேன். எட்டு என்றால் அந்த மனிதர் பத்துக்குத்தான் வருவார். அவர் தொடக்கிவைக்கக் கொடியைத் தூக்கும்போது, ஓடி முடித்த வியர்வையோடு முன்னால் போய் நிற்பேன். அண்ணை மாலையை யாருக்குப் போடுகிறார் என்று பார்ப்போம்.